இன்பமலர் வீட்டு அருங்காட்சியகம்

திருகோணமலையில் சீசன் தொடங்கிவிட்டால் மனிதர் இரண்டு சாதியாகப் பிரிந்துவிடுவார்கள். ஊர் பார்க்க வருகிறவர்கள் ஒரு சாதி, அவர்களுக்கு ஊர் காட்டுகிறவர்கள் மற்றச் சாதி. பார்க்க வருகிறவர்களிடம் தொப்பி இருக்கும், கறுப்புக் கண்ணாடி இருக்கும், எதைக் கண்டாலும் சொல்ல ஒரு குறை இருக்கும். காட்டுகிறவர்களிடம் தண்ணீர்ப் போத்தல் நிறைந்த பை மட்டும்தான் இருக்கும். பாலையூற்று இன்பமலர் நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பையோடுதான் நடந்தாள்.

என் பெயர் மனுவேல். வான் ஓட்டுகிறேன். இன்பமலர் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் சொந்தபந்தங்களை வருடா வருடம் ஏற்றி இறக்குகிறவன் நான்தான். என் மனைவி காலமாகிவிட்டாள். மகள் ஜெசிகா குடும்பமாகி மட்டக்களப்பில் இருக்கிறாள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிப்பதைக் குடும்பமாகிறது என்றுதான் சொல்லுவோம். கலியாணம் முடிக்காதவர்கள் எத்தனை பேரோடு ஒரே வீட்டில் இருந்து சமைத்துக் கொட்டினாலும் அவர்கள் குடும்பமாகாதவர்கள்தான். இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் இன்பமலரை மனதில் வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அவளுக்கு ஐம்பது கடந்துவிட்டது. கோயில் முன்பள்ளியில் ரீச்சர். கலியாணம் பேசி வந்தவர்களில் ஒருத்தனுக்கு அவள் நிறம் பிடிக்கவில்லை. இன்னொருத்தனுக்கு நிறம் பிடித்தது, வீடு பட்டினத்திலிருந்து தூரமாகப் போய்விட்டது. மூன்றாவதாக வந்தவன் எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சுவிஸுக்குப் போனான், போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு சண்டை, இடப்பெயர்வு, சுனாமி என்று நாட்டுக்கே வேலை கூடிவிட்டதால் இன்பமலரின் கலியாணத்தை ஒருவரும் நினைக்கவில்லை. அவளும் தகப்பன் யேசுரட்ணத்தைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, கடைசிவரைக்கும் பார்த்தாள்.

யேசுரட்ணம் ஐயா துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர், நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற அநியாயத்தைத்தான் அவரும் செய்தார். சாகிறதுக்குக் கொஞ்சக் காலத்துக்கு முதல் வீட்டை மகன் றெக்சனின் பெயருக்கு எழுதினார். மகளுக்கு ஏன் எழுதவில்லை என்றால், பெண்பிள்ளைக்கு வீடு எழுதுவது கலியாணத்தோடு. கலியாணமே இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு ஒரு மாப்பிள்ளை வரும்போது எதை வைத்துப் பேசுவது என்று அவர் யோசித்தார். மகளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டிருக்க, கனடாவிலிருந்து வந்திருந்த மகனின் கையைப் பிடித்து, “உன்ர அக்கா குடும்பமாகேக்க இந்த வீட்டை அவளின்ர பேருக்கு மாத்திக் குடு” என்றார். றெக்சன் அழுதுகொண்டு ஓம் என்றான். அந்த ஓம் சொல்வதில் அவனுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

ஆக, இன்பமலர் இருந்த வீடு இன்பமலருடையது அல்ல. ஆனால் அங்கே தங்க வருகிற எல்லாருக்கும் அவள்தான் சமைத்தாள். மாசியில் கூரை ஓடு மாற்றினாள், கிணறு இறைத்தாள், ஆடி மாதம் வந்தால் கட்டில் விரிப்புத் தோய்த்து விரித்துவிட்டுத் தான் குசினியில் பாய் போட்டுப் படுத்தாள்.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது கடல், இரண்டாவது கேட்பது மியூசியம். கடல் தங்களுக்கு, மியூசியம் பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்கு வரலாறு தெரியவேண்டுமாம். அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் தெரியும், அவர்கள் கேட்டது வைபை. கடலோரத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில் இருக்கிற அருங்காட்சியகத்துக்கு நான் எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கினேன் என்று எனக்கே கணக்கில்லை. எல்லாக் குடும்பமும் ஒரே மாதிரித்தான் பார்க்கும். தகப்பன் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு முதலாவது பலகையை முழுதாக வாசிப்பார், இரண்டாவதைப் பாதி வாசிப்பார், மூன்றாவதிலிருந்து ரொறன்ரோவில் இருக்கிற மியூசியம் எவ்வளவு பெரிசு என்று சொல்லத் தொடங்குவார். தாய் பீரங்கியோடு நின்று படம் எடுப்பாள். பிள்ளைகள் நங்கூரத்தில் ஏறி, விழுந்து, அழுது, ஐஸ்கிறீம் வாங்கிக்கொள்ளும். முன்னூறு வருடச் சரித்திரம் இப்படித்தான் எங்கள் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்கிறது.

இன்பமலர் அந்த நேரம் பையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஒரு தோளில் தொப்பிகள், மற்றத் தோளில் யாருடையதோ குழந்தை. எல்லாரும் வரிசையாக நின்றதும் போனை அவள் கையில் கொடுப்பார்கள். “அன்ரி, நல்லா எடுங்கோ, எல்லாரும் வரவேணும்” என்பார்கள். அவள் எல்லாரையும் வரவைத்து எடுப்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல தடவை வானுக்குள் இருந்து பல்லைக் கடித்திருக்கிறேன். இப்படி ஒரு மனிசியை ஊரே வைத்து வேலை வாங்குகிறதே, கேட்க ஒரு நாதி இல்லையே என்று மனம் கொதிக்கும். கொதித்துக்கொண்டே அவள் கட்டித் தருகிற சோற்றுப் பார்சலைச் சாப்பிடுவேன். அவள் வைக்கிற சூடைமீன் சொதி அப்படி இருக்கும்.

போன வருடம் ஆடியில் றெக்சன் மனைவி நதீஷாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்தான். வழக்கமான சுற்று முடிந்தது. பீரங்கி பார்த்தார்கள், கோட்டை மான்களுக்குப் பிஸ்கட் போட்டார்கள், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் தலையில் ஊற்றிக்கொண்டு சுடுகிறது என்று முறைப்பட்டார்கள். பிறகு நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர் தோட்டத்துக்குள் கட்டிவைத்திருந்த ‘ஆதிமனை’ என்ற இடத்துக்குப் போனோம். குடும்பத்தோடு பார்க்க ஏற்ற அருங்காட்சியகம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே கிடுகு வேய்ந்த ஒரு வீடு, உரல், அம்மி, தேங்காய் துருவுகிற திருவலை, துலா போட்ட ஒரு கிணறு, மாடில்லாத ஒரு மாட்டு வண்டி. எதையும் தொட்டுப் பார்க்கலாம், இடித்துப் பார்க்கலாம், அரைத்துப் பார்க்கலாம். அதற்கு ரிக்கற்.

நான் வாசலில் நின்று கண்ணால் பார்த்தேன். நதீஷா அம்மியில் மிளகாய் அரைத்தாள். பாலையூற்று வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைக்காத பிள்ளை, இங்கே ரிக்கற் எடுத்து, வியர்க்க வியர்க்க அரைத்து, அதை வீடியோவும் எடுத்து அனுப்பினாள். பக்கத்தில் ஒரு ஜேர்மன்காரர் உலக்கையைத் தலைகீழாகப் பிடித்து இடித்துக்கொண்டிருந்தார். மகன் ஜனுஷன் துலாவில் தொங்கினான். றெக்சன் மட்டும் எதையும் தொடவில்லை. வந்து போகிற ஆட்களையும் ரிக்கற் கொடுக்கிற பெட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வரும்போது வானுக்குள் அவன் வேறு கதை கதைக்கவில்லை. இந்தச் சாமான் எல்லாம் எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது, அதுவும் அவர்களுடையது புதிதாகச் செய்வித்தது, எங்களுடையது அசல் என்றான். கனடாவில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு வேரைக் காட்டவேண்டும் என்றான். அப்பாவுக்கு இதைவிடப் பெரிய ஞாபகம் வேறென்ன இருக்கிறது என்று கேட்டபோது அவன் குரல் உடைந்தேபோனது. பாலையூற்று வளைவு திரும்பும்போது அருங்காட்சியகத்துக்குப் பெயரும் வைத்து முடிந்தது. ‘யேசுரட்ணம் இல்லம் – குடும்ப அருங்காட்சியகம்.’

அடுத்த நாளே வேலை தொடங்கியது. பட்டினத்தில் ஒரு கடையில் அட்டைகள் அச்சடித்துக்கொண்டு வந்தான். ஆங்கிலத்தில் எழுதி, போனிலேயே தமிழாக்கினானாம். அம்மியில் ‘கையால் இயக்கப்படும் மசாலா இயந்திரம்’ என்று ஒட்டினான். திருவலையில் ‘தேங்காய் சித்திரவதைக் கருவி’ என்று வந்தது, அது மட்டும் பிழை என்று அவனுக்கே தெரிந்து கிழித்துவிட்டான். அலுமாரியில் ‘குடும்பச் சொத்து, 1940’ என்று ஒட்டியதும் இன்பமலர் மெதுவாக, அது நான் முன்பள்ளிச் சம்பளத்தில் சுனாமிக்குப் பிறகு வாங்கியது என்று சொன்னாள். பழசாகத்தானே தெரிகிறது என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த சாமானுக்குப் போனான். தகப்பனின் கதிரையைச் சுற்றி ஒரு சிவப்புக் கயிறு கட்டினான். அந்தக் கதிரையில்தான் அவள் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கடதாசிப் பூ வெட்டுவாள். அன்றிலிருந்து நிலத்தில் இருந்து வெட்டினாள்.

குசினிதான் முக்கியம் என்றான். காஸ் அடுப்பைத் தூக்கிப் பின்னுக்கு மறைத்தான். வருகிறவர்கள் புகையை எதிர்பார்ப்பார்களாம். விறகு அடுப்பில் அக்கா ரொட்டி சுடவேண்டும், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கவேண்டும், கேட்டால் சிரிக்கவேண்டும். இதையெல்லாம் அவளுக்கு முன்னால் நின்று நடித்தும் காட்டினான். படுக்கிற அறையில் ‘திருமணக் கட்டில்’ என்று ஒட்டியாயிற்று. அப்ப அக்கா எங்கே படுக்கிறது என்று நான்தான் கேட்டேன். பின்னுக்கு விறகுக் கொட்டில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் பூசி எடுத்தால் போதும் என்றான் றெக்சன். அதுவும் கொஞ்சக் காலத்துக்குத்தானாம். அருங்காட்சியகம் ஓடத் தொடங்கினால் ஒரு மனேஜரைப் போடுவானாம். அதற்குப் பிறகு அக்கா பட்டினத்தில் கன்னியாஸ்திரிமார் நடத்துகிற முதியோர் இல்லத்தில் போய்ச் சுகமாக இருக்கலாமாம். நல்ல காற்றோட்டமான இடம் என்று விசாரித்தும் வைத்திருந்தான்.

இன்பமலர் எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அவளுக்கு அந்த வீட்டைவிட வேறு ஒரு காணித்துண்டு இந்தப் பூமியில் கிடையாது.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிறகு நடந்தது. பாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். அம்மிக்கும் தெளித்தார், அலுமாரிக்கும் தெளித்தார், இன்பமலருக்கும் அதோடு பட்டது. பங்குச் சனம் முழுக்க முற்றத்தில் பற்றிஸும் ரோல்ஸும் சாப்பிட்டுக்கொண்டு நின்றது. றெக்சன் மைக் பிடித்தான். தகப்பனைப் பற்றிச் சொன்னான், வேரைப் பற்றிச் சொன்னான், தன் கனடா வாழ்க்கையின் குளிரைப் பற்றி நிறையவே சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசலில் நின்ற கனகம்மா கிழவி, வாய்க்குப் பூட்டில்லாத மனிசி, “அப்ப இன்பமலற்ர வீடெல்லோ தம்பி இது” என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள்.

முற்றத்துச் சனம் முழுக்க றெக்சன் பக்கம் திரும்பியது. றெக்சன் கெட்டிக்காரன், சிரித்துக்கொண்டே சமாளித்தான்.

“அப்பாவின்ர சொல்லை நான் ஒருக்காலும் மீறமாட்டன் ஆச்சி. அக்கா நாளைக்குக் குடும்பமானால் நாளைக்கே எழுதிக் குடுப்பன். பாதர் சாட்சி, நீங்கள் எல்லாரும் சாட்சி.”

எல்லாரும் சிரித்தார்கள். பாதரும் கொஞ்சம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய், பக்கத்தில் நின்றவன் சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்துவிட்டது. இன்பமலர் ரோல்ஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள், தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

மறுநாள் றெக்சன் திரும்பவும் பட்டினத்து அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும் என்றான். அங்கே விளக்கு எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டுமாம். எல்லாரும் இறங்கினார்கள். இன்பமலர் இறங்கவில்லை. நான் உள்ளே வரேல்லை, நீங்கள் போய்ப் பாருங்கோ என்றாள். இத்தனை வருடத்தில் நான் கேட்காத வசனம் அது. அவர்கள் போன்களைத் தாங்களே தூக்கிக்கொண்டு போனார்கள்.

வானுக்குள் நானும் அவளும்தான். கடலைப் பார்த்துக்கொண்டு, “மனுவேல் அண்ணை, நீங்கள் திரும்பக் கலியாணம் முடிக்கிற எண்ணமில்லையோ?” என்று கேட்டாள். முன்பள்ளிக்கு விறகு வாங்கித் தரமுடியுமோ என்று கேட்கிற அதே குரல்.

நான் விளங்காதவன்போல் முழித்தேன். பிறகு விளங்கிவிட்டது, இன்னும் கூட முழித்தேன். அவள் ஒளிக்கவில்லை. வீட்டுக்காகத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன், ஆனால் பொய்க் கலியாணம் கேட்கவில்லை, முடித்தால் ஒழுங்காக இருப்பேன், உங்களைத் தெரியும், குடிக்கிறதில்லை, மனிசியை அடிக்கவில்லை, அதனால்தான் உங்களைக் கேட்கிறேன் என்றாள். யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள். நான் யோசித்தேன். அவர்கள் ஐஸ்கிறீமோடு திரும்பி வருகிறதுக்கு முதலே யோசித்து முடித்து ஓம் என்றேன்.

அந்தக் கணத்திலிருந்து அவள் என்னை அண்ணை என்று கூப்பிடவில்லை. வேறு ஒன்றும் சொல்லியும் கூப்பிடவில்லை. “இஞ்ச”, “கேட்டியளோ” என்று தொடங்குவாள். இருபது வருடம் அண்ணையாக இருந்தவனுக்கு அந்த ‘கேட்டியளோ’ என்ன செய்யும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். நான் புது சேட் தைக்கக் கொடுத்தேன்.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முதல் மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்தல் வாசிப்பார்கள். அடுத்த ஞாயிறு பாதர் வாசித்தார். காலஞ்சென்ற யேசுரட்ணத்தின் மகள் இன்பமலர், காலஞ்சென்ற சவிரியானின் மகன் மனுவேல், இவர்கள் திருமணம் செய்ய விரும்புகிறார்கள், தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்கு அறிவிக்கவேண்டும். முன் வரிசை வாங்கில் இருந்த றெக்சன் திரும்பி என்னைப் பார்த்தான். தடை என்ற சொல் அவன் முகத்தில் அப்படியே நின்றது, ஆனால் சொல்ல ஒரு தடையும் அகப்படவில்லை. கனகம்மா அந்தப் பக்கத்திலிருந்து, கேட்டதோ தம்பி என்று கேட்டது பீடம்வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்று பின்னேரமே என்னைத் தேடி வந்தான். அக்காவை யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று பொதுவாகச் சொன்னான். வானுக்குப் புது ரயர் தேவைப்படுகிறதோ என்றும் விசாரித்தான். நான் தேவையில்லை என்றேன். பிறகு கொஞ்சம் கடுமையாக, வீட்டில் கண் வைக்கவேண்டாம் என்றான். எனக்கு வந்த கோபத்தில், உன்ர சொல்லுக்குப் பாதர் சாட்சி, ஊர் சாட்சி, நீ எழுதினால் எழுது, எழுதாட்டில் ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் நின்று உன்னைக் கனகம்மாவிடம் பிடித்துக் கொடுப்பேன் என்றேன்.

ஊர் வாயைவிட அவனுக்கு வேறொரு பயமும் இருந்தது. அந்தப் பயத்தை அவன் தன் கெட்டித்தனம் என்று நினைத்தான். சீதனம் என்று உறுதிப் பத்திரத்தில் எழுதினால் நாளைக்கு இந்த வான்காரன் உரிமை கேட்டு வருவான், ஆகவே கலியாணத்துக்கு முதலே எழுதவேண்டும், சீதனம் என்ற சொல்லே வரக்கூடாது, கலியாணம் என்ற சொல்லும் வரக்கூடாது, அக்காவின் பெயருக்கு மட்டும் நன்கொடையாக எழுதுங்கள் என்று சட்டத்தரணியிடம் படித்துப் படித்துச் சொல்லி எழுதுவித்தான். கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்து என்னை ஏளனமாகப் பார்த்தான். இரண்டாவது அறிவித்தலும் வாசித்தாயிற்று. அதற்கடுத்த நாள் குடும்பத்தோடு விமானம் ஏறினான். சிவப்புக் கயிற்றை மறக்காமல் கழற்றிக்கொண்டு போனான்.

இனி வீட்டு வேலையைப் பார்ப்போம் என்று நான் அந்தக் கிழமையே பாலையூற்றுக்குப் போனேன். என்னிடம் பெரிய திட்டமெல்லாம் இல்லை. வான் உள்ளே வருகிறதுக்கு கேற்றை அகலமாக்கவேண்டும், அதற்கு அளவு ரேப் கொண்டுபோய் அளந்தேன். கேற்றுக்கு நேரே நின்ற கொய்யா மரம் இடைஞ்சல், வெட்டலாம் என்றேன். முன் அறையில் என் முதல் மனைவியின் பெரிய படத்தை மாட்ட ஒரு நல்ல சுவரும் பார்த்தேன். யேசுரட்ணம் ஐயாவின் கதிரை முதுகுக்கு நல்ல சுகமாக இருந்தது. நான் ஒரு மணிக்கு ஓட்டம் முடித்து வந்தால் சுடச்சுடச் சாப்பிடுகிறவன், முன்பள்ளியோ பகல்வரைக்கும் நடக்கிறது, அதை விட்டுவிடுவதுதான் சரி என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் அவள் நன்மைக்குத்தான் சொன்னேன். இனி அவள் ஏன் வெளியே போய்க் கஷ்டப்படவேண்டும். இன்பமலர் எல்லாம் கேட்டாள். தேத்தண்ணி தந்தாள். நான் அளக்கும்போது ரேப்பின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டும் நின்றாள்.

மூன்றாவது ஞாயிறு புது சேட்டைப் போட்டுக்கொண்டு முன் வாங்கிலேயே இருந்தேன். பூசை முடிந்து அறிவித்தல் நேரம் வந்தது. மடுத் திருவிழாவுக்கு பஸ் போகிற விபரம் வாசித்தார் பாதர். ஞானஸ்நான வகுப்பு வாசித்தார். இலங்கைத்துறைப் பெட்டை ஒன்றுக்கும் எங்கள் பங்குப் பெடியன் ஒருத்தனுக்கும் கலியாண அறிவித்தல் வாசித்தார். பிறகு கடதாசியை மடித்துவிட்டு எழுந்து நின்று ஆசீர்வாதம் கொடுத்தார். சனம் என்னைப் பார்த்தது. நான் பீடத்தைப் பார்த்தேன். பாதர் ஒரு பக்கத்தைத் தவறவிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் நின்றாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

“மனுவேல் அண்ணை” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. எல்லாம் அந்த அண்ணையிலேயே இருந்தது. ஆனாலும் நான் கேட்டேன், என்னை ஏமாற்றினீர்களோ என்று கேட்டேன். அது கனகம்மாவின் காதிலும் விழுந்தது.

“இல்லை அண்ணை. முதல் ரெண்டு ஞாயிறும் உண்மையாத்தான் ஓம் எண்டு இருந்தனான். அளக்க வந்த அண்டைக்குத்தான் யோசிச்சனான். நேற்றுப் பாதரிட்டச் சொல்லி அறிவித்தலை நிப்பாட்டச் சொன்னனான். அவர் ஏசினவர், ஏசட்டும்.”

“அப்பிடி நான் என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்?”

“நீங்கள் பிழையா ஒண்டும் சொல்லேல்லை. எல்லாரும் சொல்லுறதைத்தான் சொன்னீங்கள். முந்தி அதை நான் கேட்டு நடக்கவேண்டி இருந்தது. இப்ப எனக்கு வீடு இருக்கு.”

இவ்வளவுதான் சொன்னாள். குடையை விரித்துக்கொண்டு நடந்து போனாள். நான் வானில் ஏறி நேரே வீட்டுக்குப் போய், சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இருந்து அழுதேன். மனைவி போனதற்குப் பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான். பின்னேரம் றெக்சன் கனடாவிலிருந்து போன் எடுத்துக் குளறினான். நீயும் அவளும் சேர்ந்து என்னைச் சுத்தி ஏமாத்திப்போட்டீங்கள் என்று அவன் கத்த, என்னையும்தான் சுத்திப்போட்டாள் என்று நான் கத்த, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒரே பக்கத்தில் நின்று கத்தினோம்.

இந்த வருடம் சீசன் தொடங்கிவிட்டது. பாரிஸிலிருந்து ஒரு குடும்பம் தங்க இடம் கேட்டுப் போன் எடுத்தபோது, வீட்டில் இடமில்லை என்று இன்பமலர் சொன்னாளாம். நான்கு அறை உள்ள வீட்டில் ஒருத்தி தனியாக இருக்க, இடமில்லையாம், ஊர் சொல்லிச் சிரிக்கிறது. அவர்களை ஹோட்டலில் இருந்து ஏற்றிக்கொண்டு நான்தான் அருங்காட்சியகத்துக்கும் ஆதிமனைக்கும் போகிறேன். தண்ணீர்ப் பையைத் தூக்குகிறேன். எல்லாரும் வரும்படி படம் எடுத்துக் கொடுக்கிறேன். பாலையூற்றால் போகும்போது கதவு திறந்திருந்தால், அவள் தகப்பனின் கதிரையில் காலை மடித்து வைத்துக்கொண்டு கடதாசிப் பூ வெட்டுவது தெரியும். என்னைக் கண்டால் கை காட்டுவாள். நானும் காட்டுவேன். காட்டிவிட்டுப் பார்த்தால் அந்தக் கொய்யா மரம் கேற்றுக்கு நேரே அப்படியே நிற்கிறது. அதை மட்டும் வெட்டியிருந்தால் வான் நேரே உள்ளே போயிருக்கும்.